குத்துக்கல்லுக்குப் போன மாப்பிள்ளை

கடலூர் முதுநகர்
7.6.2024

அன்புள்ள தம்பி இளவரசுக்கு,

நேற்றுக் காலை உன் மாமனார் தேவநாதன் என் முந்திரிக் கிடங்குக்கு வந்து, நீ எங்கே என்று கேட்டார். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படி.

வருகிறேன் என்று ஒரு போன் இல்லை. காரை விட்டு இறங்கி, கொட்டை உடைக்கிற பெண்களுக்கு நடுவே நடந்து வந்து, "மாப்பிள்ளை இங்க சரக்கு பாக்கப் போறேன்னு கிளம்பினாரே, எங்கம்மா?" என்றார். அமாவாசைக்கு அமாவாசை நீ என் பேரைச் சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. "தோப்புக்குப் போயிருக்கான் மாமா, கொட்ட எப்படிக் காயுதுன்னு பாக்கச் சொன்னேன்" என்றேன். மோர் குடித்தார். "போன் ஏன் ஆஃப்ல இருக்கு?" என்றார். "அங்க டவர் ஏது?" என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. மோரில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் குறிஞ்சிப்பாடித் தோப்பில் காவலிருக்கிற பக்கிரியைக் கூப்பிட்டு, இனிமேல் யாராவது கேட்டால் இளவரசு அங்கே வந்தான் என்று சொல் என்றேன். அவன் சிரிக்கிறான். "வந்தாருங்க. மாசாமாசம் வராரு. அந்தக் குத்துக்கல்லாண்ட உக்காந்துக்குவாரு. நெழலு நவுர நவுர இவரும் நவுருவாரு. மத்தியானம் எழுந்து போயிடுவாரு" என்றான். குடியா என்று கேட்டேன். இல்லையாம். யாராவது வந்து பார்க்கிறார்களா என்று கேட்டேன். "எறும்புதாங்க வருது" என்றான்.

நான் சொன்ன பொய் உண்மையாகப் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என்ன விஷயம் தம்பி? பொம்பளையா, உடம்பா, கைமாற்றா? எதுவானாலும் தீர்த்துவிடலாம். ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதாதே. ஒன்றுமில்லாதவன் என் தோப்பில் வந்து கல்லுக்குத் துணையாக உட்காரமாட்டான். அந்த வீட்டில் பிடிக்கவில்லை என்றால் சத்யாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. கிடங்கைப் பார்த்துக்கொள்ள எனக்கும் ஆள் வேண்டும்.

போனில் பேசலாமென்றால் உன் போனை உன் மைத்துனன் சிலம்பரசன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "பேசுங்கக்கா, எல்லாரும் கேக்குறோம்" என்கிறான். அதனால் முந்திரி டின் ஏற்றி வருகிற வேனில் ஆரோக்கியராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

எனக்குக் கால் வீக்கம் இருக்கிறது, மற்றபடி குறைவில்லை. உங்கள் சௌக்கியம் எழுது.

அக்கா,
அமிர்தம்


சிதம்பரம்
18.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், சத்யா, மாமா, அத்தை, சிலம்பரசன் எல்லோரும் சுகம். உன் கால் வீக்கத்துக்கு யாரிடமாவது காட்டினாயா? நின்றுகொண்டே வேலை பார்க்காதே.

நீ கேட்ட மூன்றும் இல்லை. உன் தோப்புக்குள் உன்னிடம் சொல்லாமல் வந்தது தப்புதான்.

அங்கே நான் ஒன்றும் செய்வதில்லை அக்கா. போன வருஷம் உனக்காக ஒருமுறை கொட்டை பார்க்க வந்தபோது வெயில் தாங்காமல் அந்தக் கல்லின் நிழலில் உட்கார்ந்தேன். கதவுப் பலகை மாதிரி தட்டையான கல், என்னைப் போல் இரண்டு ஆள் உயரம். உருவம் கிடையாது, எழுத்து கிடையாது. காலையில் அதன் நிழல் முந்திரி மரங்கள் வரை நீண்டு கிடக்கும். நான் நிழலின் நுனியில் உட்காருவேன். அது சுருங்கச் சுருங்க நானும் உள்ளே நகருவேன். கடைசியில் முதுகு கல்லில் படும். மேற்குப் பக்கம் மண்பானை மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். முதலில் தலைக்குள் ஜாங்கிரி எத்தனை கிலோ, ஆர்டர் யாருடையது என்று ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அதுவும் அலுத்துப் போய்விடும். பிறகு கல் இருக்கும், நான் இருப்பேன். நிழல் தீர்ந்ததும் எழுந்து வடலூர் போய், சேத்தியாத்தோப்பு வழியாக பஸ் பிடித்து வந்துவிடுவேன். இதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

வீட்டில் புது ஏற்பாடுகள். ஆனித் திருமஞ்சனக் கூட்டத்துக்காக எங்கள் மாடி அறையில் சர்க்கரை மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நானும் சத்யாவும் கூடத்தில் படுக்கிறோம். மாமாவும் அத்தையும் அங்கேதான். ஒரே மின்விசிறி எல்லோருக்கும் போதுமானதாக இருக்கிறது. ஸ்வீட் கடையில் கல்லாவுக்கு மேலே கேமரா வைத்திருக்கிறார்கள். மாமா வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம். நேற்று நான் தும்மினேன். உடனே போன் வந்தது, "என்ன மாப்பிள்ளை, சளியா?" என்று. அக்கறையுள்ள மனிதர்.

கடலூருக்கு வரச் சொன்னதைப் படித்தேன்.

கல் விஷயத்தை யாரிடமும் சொல்லாதே. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

தம்பி,
இளவரசு


கடலூர் முதுநகர்
27.6.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. சத்யாவை நான் கேட்டதாகச் சொல்.

உன் சங்கடத்துக்கு ஒரு வழி செய்துவிட்டேன். உன் மாமனார் மறுபடி போன் செய்தார். "தோப்புல என்னதான்மா பண்றாரு? எங்கிட்ட மறைக்காத" என்று ஒரே பிடி. தினமும் பொய் சொல்லிச் சமாளிக்க முடியாது. சும்மா உட்காருகிறான் என்று சொன்னால் மாப்பிள்ளைக்கு மூளை பிசகிவிட்டது என்பார்கள். அதனால், "மாமா, சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். கல்யாணமாகி ஒம்போது வருசமாகியும் புள்ள இல்லன்னு அவன் அந்தக் கல்லுக்கு வேண்டிக்கிட்டிருக்கான். அமாவாசைதோறும் பட்டினியா உக்காந்து கும்புடுறான்" என்றேன்.

"மாப்பிள்ளை மனசுல இவ்ளோ இருக்கா? நான் வேற என்னென்னமோ நெனச்சிட்டேனே" என்றார். குரல் உடைந்துவிட்டது தம்பி. இனிமேல் நீ ஒளிந்து போக வேண்டாம். ராஜாவாகப் போகலாம். வேண்டுதல் என்றால் எவனும் குறுக்கே நிற்கமாட்டான்.

நீ யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் கல் விஷயத்தைச் சொல்லவில்லை, வேண்டுதலைத்தான் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பட்டினி என்று சொல்லியிருப்பதால் அன்றைக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகாதே.

அமிர்தம்


சிதம்பரம்
9.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். மாமாவுக்கு மட்டும் கையில் கொஞ்சம் நடுக்கம். முன்போல் பாகு பதம் பார்ப்பதில்லை, நான்தான் பார்க்கிறேன்.

ஐந்தாம் தேதி அமாவாசைக்கு வேன் பிடித்து எல்லோரும் என்னோடு வந்தார்கள். மாமா, அத்தை, சிலம்பரசன், அத்தையின் தங்கை வீட்டார், எங்கள் கடைக்குப் பூ கொடுக்கிற அம்மா வரை. அத்தை கல்லைச் சுற்றி வந்து, "மொகமே இல்லியே" என்றார். அங்கேயே மஞ்சள் குழைத்து முகம் எழுதினார். சிலம்பரசன் வெள்ளிக் கண்மலர் கொண்டுவந்திருந்தான். "மாமா, உங்க சாமிக்கு என்னோட ஃபிட்டிங்" என்று கோந்து போட்டு ஒட்டினான். ஒரு கண் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் போனில் படமெடுத்துப் போட்டான்.

இப்போது அது பார்க்கிறது அக்கா.

முந்திரிக் கிளையில் பிள்ளை வரம் கேட்டு மரத்தொட்டில் கட்டினார்கள். என்னைக் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்து, "நீங்க வழக்கம்போல பண்ணுங்க மாப்பிள்ளை, எங்களப் பாக்காதீங்க" என்று மாமா சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் மூடியிருந்தால் போதும் என்று தெரியவில்லை.

சத்யா வேனை விட்டு இறங்கவில்லை. தலைவலி என்றாள்.

உன் தோப்பில் பொங்கல் வைத்த இடம் கரியாகக் கிடக்கிறது. பக்கிரியைச் சுத்தம் செய்யச் சொல்.

இளவரசு


கடலூர் முதுநகர்
15.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் நல்லபடி. மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கண் வைத்தால் என்ன, முதுகுக்குக் கண் வைக்கவில்லையே. நீ பின்பக்கம் போய் உட்கார். சின்னப் பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. யோசித்துப் பார். போன மாதம் வரை திருடன் மாதிரி போனாய். இந்த மாதம் வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கூலிக்குக் கொட்டை உடைத்து இந்தத் தொழிலுக்குள் வந்தவள் நான். எதுவும் முழுசாகக் கிடைக்காது. கிடைத்ததை வைத்து மீதியைச் சரிக்கட்ட வேண்டும்.

சிலம்பரசன் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் வரும் என்று பக்கிரி சொல்கிறான். அதனால் கல்லுக்கு மேலே தகரக் கொட்டகை போட்டுவிட்டேன். நீ இனிமேல் நிழலுக்காக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டாம். எந்நேரமும் நிழல்தான்.

சத்யாவுக்குத் தலைவலி அடிக்கடி வருகிறதா? கேட்டு எழுது. மறக்காமல் உடனே பதில் போடு.

அமிர்தம்


கடலூர் முதுநகர்
8.8.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஆரோக்கியராஜ் இரண்டு தடவை கேட்டானாம், "அப்புறம் தரேன்" என்றாயாம்.

ஆடி அமாவாசைக்கு நான் தோப்புக்கு வந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாய். உன் மாமனார் கொட்டகைக்குள்ளேயே ஸ்வீட் ஸ்டால் போடுவார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்டது, "வர்ற ஜனங்களுக்குப் பிரசாதமா கொஞ்சம் குடுக்கலாமா?" என்றுதான். வந்து பார்த்தால் மேசை, தராசு, காஜு கத்லி டப்பா, பில் போடும் மெஷின். கல்லுக்கு முதுகு காட்டியபடி கல்லாவில் நீ.

ஒரு கிழவர் உன்னிடம், "சாமியாண்ட மொதமொதல்ல உக்காந்தது நீதானாமே, எனக்காவ ஒரு வார்த்த சொல்லு" என்றார். நீ அவருக்குக் கால் கிலோ லட்டு கட்டிக் கொடுத்தாய். "அடுத்து யாரு?" என்றாய். குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சத்யா அன்றைக்கும் வேனில்தான் இருந்தாள். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அண்ணி, கொட்டகை தகரம் நல்ல கனமா போட்டிருக்கீங்க" என்றாள். புகழ்ச்சியா குத்தலா என்று தெரியவில்லை.

எழுது தம்பி. திட்டியாவது எழுது.

அமிர்தம்


சிதம்பரம்
21.8.2024

அக்காவுக்கு,

நலம். டின்கள் வந்து சேர்ந்தன. ஒரு டின்னில் துண்டுப் பருப்பு அதிகம் இருந்தது, மாமாவிடம் சொல்லவில்லை. வேறு விசேஷம் இல்லை.

இளவரசு


சிதம்பரம்
5.9.2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு சத்யப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் உடல்நலத்தை விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை ஆரோக்கியராஜ் அண்ணனிடம் நானே கொடுக்கிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாது.

அண்ணி, அவர் எங்கே போகிறார் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். மடித்துக் கொடுத்த வேட்டியில் செம்மண் ஒட்டிக்கொண்டு வரும். கேட்டேன், சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தது நான்தான்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள இடமில்லை. சண்டை கிடையாது. எல்லோரும் எந்நேரமும் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கல்லுக்குப் போய்விட்டு வருகிற நாளில் மட்டும் அவர் கொல்லையில் துணி காயப்போடும் இடத்தில் என்னோடு நின்று பேசுவார். எறும்பு எப்படிப் போனது, மயில் எவ்வளவு பக்கத்தில் வந்தது, இப்படித்தான். அப்புறம் என்னைப் பற்றிக் கேட்பார். மாதத்தில் ஒரு நாள் எனக்குப் புருஷன் இருந்தார் அண்ணி. ஆடிக்குப் பிறகு அதுவும் இல்லை. இந்த அமாவாசைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அவர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

கடலூருக்கு வரச் சொன்னீர்களாம். அவர் தயார்தான். நான்தான் முடியாது என்றேன். அப்பாவுக்குக் கை நடுங்குவதை வெளியில் கொஞ்சமாகத்தான் சொல்கிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவது நான். சிலம்பரசனுக்குப் பொறுமை கிடையாது. இப்படியிருக்கும்போது விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. எனக்காக அவர் இருக்கிறார். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அந்தத் தொட்டிலில் ஊரெல்லாம் வந்து ஆட்டிவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்க்க முடியாமல்தான் நான் இறங்கவில்லை. பிள்ளை இல்லாதது எங்கள் இருவருக்கும் எப்போதோ ஆறிவிட்டது. நீங்கள் அதை எடுத்து மரத்தில் கட்டிவிட்டீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் வைத்த சாமி. நீங்களே எடுத்துவிடுங்கள்.

சத்யப்பிரியா


கடலூர் முதுநகர்
16.9.2024

அன்புள்ள சத்யாவுக்கு,

நீயும் தம்பியும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். எனக்கு இப்படி யாரும் எழுதியதில்லை. சரி, வேலையைப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

சாமியை எடுப்பது லேசில்லை. ஊரில் அதற்குள் விழாக்குழு அமைத்து ரசீது புத்தகம் அடித்துவிட்டார்கள். என் தோப்பு என்றேன். "தோப்பு உங்களுதுங்க, சாமி எல்லாருக்கும் பொது" என்கிறான் குழுத் தலைவன். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்போதுதான், உன் தம்பி போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஆராய்ச்சி மாணவி தோப்புக்கு வந்தாள். கல்லின் அடியைப் பார்த்தாள், சுற்றிக் கிடக்கிற கற்களை எண்ணினாள். "அம்மா, இது சாமி இல்ல. யாரையோ பொதச்ச எடத்துல அடையாளத்துக்கு நட்ட கல்லு. அடியில தாழி இருக்கலாம். ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேல இருக்கும்" என்றாள்.

நான் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, இதையே விழாக்குழுவிடம் இன்னொரு தடவை உரக்கச் சொல்லு தாயி என்றேன். சொன்னாள். ஒருத்தி கொண்டுவந்த பொங்கல் பானையை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினாள். "எழவு வூட்லயா எம் பேத்திக்கு மொட்ட போட்டேன்!" என்று இன்னொருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ரசீது புத்தகம் என்னவாயிற்று என்று தெரியவில்லை. உன் அம்மாவுக்கும் நானே போன் செய்து சொன்னேன்.

கொட்டகையைப் பிரித்தாயிற்று. தொட்டில்களை அவிழ்த்து ஆற்றில் விட்டாயிற்று. கண்மலரைப் பெயர்த்துவிட்டோம், கோந்து மட்டும் தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. தம்பியிடம் சொல், கல் பழையபடி நிற்கிறது. வரச் சொல்.

அமிர்தம்


சிதம்பரம்
26.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ?

சத்யா உன் கடிதத்தைக் காட்டினாள், அவள் எழுதியதையும் சொன்னாள். நன்றி அக்கா. ஆனால் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் போன் வந்த அன்று அத்தை என்னைக் கொல்லையில் நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினார். என் படுக்கை, தலையணையைத் தூக்கி வெளியே போட்டார்கள். தீட்டுக் கழிய வீட்டில் புண்ணியாகவாசனம் செய்தார்கள். "மாசாமாசம் பொணத்து மேல உக்காந்துட்டு வந்து எம் பொண்ணோட வாழ்ந்திருக்காரு. வவுறு எப்படித் தெறக்கும்?" என்று அத்தை அவர் தங்கையிடம் போனில் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், கூடத்தில் வேறு எங்கே போவது? நான் அந்தக் கல்லைப் பார்த்தது போன வருஷம்தான். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி அமாவாசையன்று நான் கடையையும் வீட்டையும் தவிர வேறெங்கும் போகக் கூடாது. மாமா மென்மையாகத்தான் சொன்னார். "நான் ஒண்ணும் கட்டிப் போடல மாப்பிள்ளை. நீங்களே நெனச்சுப் பாருங்க" என்றார்.

யாரோ ஒருவருக்காக அத்தனை பேர் சேர்ந்து அவ்வளவு பெரிய கல்லை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு அங்கே போய் உட்கார வேண்டும் போலிருந்தது. முன்பைவிட அதிகமாக. எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

நீ இனி எதுவும் செய்ய வேண்டாம் அக்கா.

இளவரசு


கடலூர் முதுநகர்
4.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ எதுவும் செய்ய வேண்டாம் என்றாய், செய்துவிட்டேன். மகாளய அமாவாசையன்று நான் கடைக்கு வந்ததும் பின்கட்டுக்குப் போனதும் உனக்குத் தெரியும். உள்ளே உன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும் நீ கல்லாவை விட்டு எழவில்லை. எப்படி எழுவாய், தலைக்கு மேலேதான் கேமரா இருக்கிறதே. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

உன் மாமனார் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "மாமா, வேண்டுதல்னு சொன்னது என் பொய். அவன் புள்ளைக்காகப் போகல. நிம்மதிக்காகப் போறான். மாசம் அரை நாள் அவன விடுங்க" என்றேன்.

"மாப்பிள்ளைய மயானத்துக்கு அனுப்பச் சொல்லிப் பேரம் பேச வந்தியா அமிர்தம்?"

"அதே மயானத்துல நீங்க காஜு கத்லி வித்தீங்களே மாமா, அப்ப வாசன வரலியா?"

உன் அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து, "வாயப் பாரு" என்றார். நான் விடவில்லை. தீபாவளிக்கு முழுப் பருப்பு என்னிடமிருந்துதான் போக வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். "முந்திரி ஒங்கிட்ட மட்டுந்தான் வெளையுதா? பண்ருட்டில இல்லியா?" என்றார். "இருக்கு, தாராளமா போங்க. தீபாவளிக்கு ஒரு மாசம்கூட இல்லாதப்ப எவன் முழுசு தரான்னு பாப்போம்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் இருவருமே ஒரு அடி நகரவில்லை.

அப்போது சத்யா உள்ளே வந்தாள். அவருடைய காபியை ஆற்றி, டம்ளரை அவர் கையில் கொடுத்து, தன் கையையும் அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் குடித்து முடித்தார். பிறகு சொன்னாள். "அப்பா, நான் இங்க இருக்கிறது உங்க கைக்காக. அவரு இங்க இருக்கிறது எனக்காக. மாசத்துல அரை நாள் அவருக்குன்னு குடுக்க முடியலன்னா நாளைக்கே ரெண்டு பேரும் கடலூர் பஸ் ஏறிடுவோம். அப்புறம் டம்ளர சிலம்பு பிடிச்சிப்பான்."

நான் அவளை இத்தனை நாளும் சரியாக எடை போடவில்லை தம்பி.

அவர் துண்டை இழுத்துக் கையை மறுபடி மூடிக்கொண்டார். பிறகு, "அரை நாளுன்னா எத்தன மணிக்கு எத்தன மணி?" என்றார். விலை கேட்டுவிட்டால் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். நான் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

உன் மாடி அறையையும் கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. சர்க்கரை மூட்டை அங்கேதான் இருக்கும். கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எழுந்து போகப் பார்த்தார், விட்டுவிட்டேன். கிடைத்தது இதுதான்.

அமாவாசையன்று முதல் பஸ்ஸிலிருந்து மதியம் இரண்டு மணி வரை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். எங்கே, எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். தீபாவளியோடு சேர்ந்து வருகிற அமாவாசை இதில் சேராது, அன்றைக்குக் கடை. திரும்பி வந்ததும் கொல்லை வழியாக நுழைந்து, எழவுக்குப் போய் வந்தவர் மாதிரி உடுத்தின துணியோடு தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். இது உன் அத்தை போட்டது. எவ்வளவு பேசியும் இறங்கவில்லை. பிள்ளைப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை என்பதற்குத் தை மாதம் வரைக்கும்தான் வாக்குக் கொடுத்தார். பிறகு மறுபடி பேசிக்கொள்வோம். என் பக்கம், தீபாவளி டின்கள் போன வருஷ விலைக்கே.

கடைசியாக ஒன்று, அது உன் மாமனார் போட்டது. அவரும் வியாபாரிதானே. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகக் கூடாது. ஒருவர் போனால் மற்றவர் கடையில் இருக்க வேண்டும். அப்போதுதான் போனவர் திரும்பி வருவார் என்பது அவர் கணக்கு. நான் அதற்கென்ன, போகிறவன் தம்பி ஒருவன்தானே என்று தலையாட்டினேன். சத்யா, "நானும்தான் போறேன்" என்றாள். "நீ எதுக்கு?" என்றார் அவர். "உக்கார" என்றாள்.

ஆக, ஒரு அமாவாசை ஒருவர், மறு அமாவாசை மற்றவர். முதலில் யார் என்று கேட்டார். நான் உன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் "நான்" என்றாள். ஒத்துக்கொண்டோம். கார்த்திகை அமாவாசை சத்யாவுக்கு, மார்கழி அமாவாசை உனக்கு.

அக்கா,
அமிர்தம்